மூங்கில் வெட்டப் போனவர்கள்

"வரப்புல ஓடாத! வயல்ல எறங்கு!"

மாணிக்கம் அண்ணனின் குரல். பின்னாலிருந்து வருகிறது. இறங்குகிறேன். முற்றிய சம்பா. மார்பு வரை நிற்கிறது. பனி இன்னும் உலரவில்லை. ஈரக் கதிர் முகத்தில் அறைகிறது. என் இடது கையில் அம்மாவின் மணிக்கட்டு. இழுக்கிறேன். வருகிறார். பிறகு கனக்கிறார்.

ஒரு சத்தம். காய்ந்த பனைமட்டை முறிவது போன்றது. அடுத்த சத்தத்துக்குள் ஒரு மூச்சு விடலாம். விட்டேன். இரண்டாவது சத்தம் தலைக்கு மேலே போயிற்று. கதிர்களின் நுனி சரிந்தது, யாரோ உள்ளங்கையால் தடவிவிட்டது போல.

"தலையக் குனிடா! குனி!"

குனிந்தேன். அதற்குப் பின் மாணிக்கம் அண்ணனின் குரல் கேட்கவில்லை.

வயலின் விளிம்பில் வாய்க்கால். முடிகொண்டான் ஆற்றிலிருந்து பிரிந்து வருவது. தை மாதத்தில் முழங்காலளவு நீர். அம்மாவை அதற்குள் இறக்கினேன். கரையோடு சாய்த்தேன். அவர் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஓட்டத்தில் அவிழ்ந்ததல்ல. வீட்டிலிருந்து புறப்படும்போதே அவராக அவிழ்த்துவிட்டது. இதை நான் குறித்துவைக்க வேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் இந்தக் கூந்தல் பேசப்பட்டது.

கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு துளை. பெரிதல்ல. நீர் அதைத் தொட்டுத் தொட்டுச் சிவந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாய் திறந்திருந்தது. வலியில் திறந்த வாயல்ல. பாடிக்கொண்டிருந்தபோது நின்றுபோன வாய்.

வாய்க்காலின் வளைவில் ஒரு மதகு. அதன் பலகையில் தண்ணீர் மோதும் ஒலி. அந்த ஒலியை மட்டுமே நெடுநேரம் கேட்டேன்.

*

தை மாதத்து இரண்டாம் வெள்ளி. ஆட்சி மாறியபின் வந்த மூன்றாவது சம்பா அறுவடை. மேடைகளில் தமிழ் மாறியிருந்தது. அலுவலகங்களில் மாட்டியிருந்த படங்கள் மாறியிருந்தன. நன்னிலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் களத்தில் நெல் அளக்கும் மரக்கால் மாறவில்லை. கூலி நெல்லைக் கலத்துக்கு அரை மரக்கால் கூடுதலாகக் கேட்டோம். மறுத்தார்கள். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்தோம். கதிர் தலைசாய்ந்து நின்றது. பிறகு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அறுக்கச் சிலர். காவலுக்குச் சிலர்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் இன்னும் திரும்பவில்லை. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா அஞ்சலையும் நானும்தான். அப்பாவின் தம்பி ராமையா சித்தப்பா அடுத்த வீடு. அவர் பறை அடிப்பவர். எங்கள் தெருவில் சங்கத்தை நடத்திய மாணிக்கம் அண்ணன் எதிர் வீடு.

நிலம் முழுவதும் ஒரே வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டுத் தலைவரைப் பெரியவர் என்போம். அவர் மகன் சின்னவர். பெரியவர் கார்த்திகையிலிருந்தே படுக்கையில் இருந்தார். நாக்கில் பால் வைக்கிறார்கள் என்ற செய்தி மார்கழியிலேயே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மீதி விளங்காது.

அந்த வீட்டில் சாவு விழுந்தால் கொல்லையில் வேட்டுப் போடுவார்கள். இரும்புக் குழாயில் மருந்து திணித்து வைக்கும் வேட்டு. மூன்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம். ஆள் வந்து சொல்ல மாட்டார்கள். வேட்டுத்தான் அழைப்பு. மூன்றாவது அடங்குமுன் எங்கள் தெரு எழுந்துவிட வேண்டும். ஆண்கள் அரிவாளோடு போய் அந்த வீட்டு மூங்கில் கொல்லையில் பாடைக்கு மூங்கில் வெட்டுவார்கள். பறை முன்னால் போகும். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி சொல்லியபடி போவார்கள். முதல் குரல் எடுப்பது அம்மா. அவர் எடுத்தபிறகே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, வெயில் பனியைத் தொடும் வேளையில், மூன்று சத்தம் கேட்டது. இடைவெளி சரியாக இருந்தது.

தெரு எழுந்தது.

வேட்டுச் சத்தம் முதலில் காலுக்கு வரும். தரை அதிரும். பிறகுதான் காது. அன்று காலுக்கு ஒன்றும் வரவில்லை. பனியில் நனைந்த மண் அதிராது என்று நினைத்திருப்போம். அல்லது எதையும் நினைக்கவில்லை. பின்னர் தெரிந்தது. காவலுக்கு வந்தவர்கள் கொல்லையில் துப்பாக்கிகளைச் சுட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள். மூன்று துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் எடுத்துத் தோட்டா போட ஆன நேரம், ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்.

மாணிக்கம் அண்ணன் தெரு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"வெக்கங்கெட்ட சனம்! நேத்து வரைக்கும் கூலியக் குடுன்னு கத்திட்டு, இன்னிக்கு மாரடிக்கப் போறீங்களா? இனிமே எவன் சாவுக்கும் பறை அடிக்க மாட்டோம்னு கொடியேத்துறப்ப சொன்னோமா இல்லியா?"

"சொன்னது நீ. நான் கைதான் தட்டுனேன்," என்றார் சித்தப்பா. பறையை ஏற்கெனவே வைக்கோல் நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இது வெளையாட்டு இல்ல," என்றார் அண்ணன்.

"உசுரோட இருக்கறவன்கிட்டதாண்டா கூலிச் சண்ட. செத்தவன்கிட்ட என்ன சண்ட? மனுசன் வேற நல்ல கனம். பச்ச மூங்கி நாலாவது வேணும். இவரு போன ஆடியிலயே போயிருவாருன்னு நம்ம சன்னாசி மூங்கியெல்லாம் பாத்து வச்சிருந்தான். அது இப்ப முத்திப்போயிருக்கும்."

மூங்கில் வெட்டுவதில் தேர்ந்தவரான சன்னாசித் தாத்தா அரிவாளைத் தோளில் மாட்டியபடி சொன்னார். "முத்துனா என்ன. தூக்கறது நாம இல்லியே. அவுங்க சொந்தக்காரங்க தோளுதானே."

சிலர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அம்மாவிடம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க சின்னம்மா. நீங்க போகலைன்னா பொம்பளைங்க யாரும் போக மாட்டாங்க."

அம்மா வாசலில் நின்று கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கூலி குடுக்காதவன் வயல்ல நான் எறங்கலைடா மாணிக்கம். எறங்கவும் மாட்டேன். சாவுக்கு ஏது ஸ்ட்ரைக்கு? சாவு விழுந்த வூட்டுக்குப் போவாம நான் குந்தியிருந்தா, நாளைக்கு எனக்கு எவ வந்து அழுவா?"

"நீங்க செத்தா ஒப்பாரிக்கு ஆள் கெடைக்காதுதான் அண்ணி," என்றார் சித்தப்பா. "அன்னிக்கு ஒரு நாள் நீங்களே எந்திரிச்சி எடுத்துக் குடுத்துட்டுப் படுத்துக்குங்க."

தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

அண்ணன் தோற்றார். தோற்றபின் அவர் செய்ததைப் பதிவுசெய்கிறேன். வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. எங்களோடு வந்தார். வருவதற்கு முன் ஒவ்வொரு கையிலும் இருந்த கம்பை வாங்கிக் கீழே போட்டார். "கம்பு வேணாம். சண்டைக்கு வர்றோம்னு நெனச்சிருவாங்க. மூங்கி வெட்ட அருவா மட்டும் போதும்," என்றார். அவருடைய மனைவி பாக்கியம் அண்ணி கைக்குழந்தையைக் காட்டி, தான் வரவில்லை என்றார். அவர் பிழைத்தது அதனால்.

நான் ஏன் போனேன்? அம்மா போனார். போனேன்.

*

வரப்பில் ஒற்றை வரிசையாக நடக்கிறோம். முன்னால் சித்தப்பா. சாவுக்கென்று ஓர் அடி உண்டு. நீண்டு விழும் இரண்டு, நடுவே ஒரு தயக்கம், பிறகு ஒன்று. அதைத்தான் அடிக்கிறார். கோயில் அடி வேறு. ஆள் திரட்டும் அடி வேறு. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் இது தெரியும். பெரிய வீட்டு மனிதர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டுச் சாவுகளுக்கே இந்த அடி அதிகம் அடிக்கப்பட்டிருக்கிறது.

மூங்கில் கொல்லையின் வேலி தெரிகிறது. அம்மா முதல் குரலை எடுக்கிறார். உயரே போய், வளைந்து, இறங்கும் குரல். சாவு வீட்டில் அந்தக் குரல் கேட்டதும் ஆண்களும் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். பெண்கள் சேர்ந்துகொள்கிறார்கள்.

பெரிய வீட்டு மாடியில் ஓர் உருவம். வெள்ளை வேட்டி. சின்னவர்.

வேலிக்கு உள்ளே நான்கைந்து பேர். இந்த ஊர் முகங்கள் அல்ல. அவர்களுக்கு இந்த அடி தெரியாது. அவர்கள் கண்டது இது. பறை. அரிவாள். தலைவிரித்து மாரில் அடித்தபடி வரும் பெண்கள். வேலை நிறுத்தம் செய்த தெரு முழுவதும் தங்களை நோக்கி வருகிறது.

சித்தப்பா முதலில் விழுந்தார். பறையின் மேல் விழுந்தார். அது ஒருமுறை ஒலித்தது. அம்மா பாடிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் இன்னும் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். சன்னாசித் தாத்தா திரும்பி, "டேய், இது வேட்டு இல்லடா!" என்று கத்தினார். அந்தச் சொற்களைக் கேட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான். கத்தி முடித்து அவர் உட்கார்ந்தார். எழவில்லை.

பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார். பின்கட்டில் படுத்திருந்தார். சத்தம் கேட்டு, யார் செத்தது என்று கேட்டாராம். வீட்டு வேலைக்காரி பிற்பாடு சொன்னது.

*

பிற்பகலில் போலீஸ் வந்தது. வாய்க்காலிலிருந்து என்னைத் தூக்கினார்கள். அம்மாவை வேறாகத் தூக்கினார்கள்.

"என்ன படிக்கிற?"

"பி.ஏ."

"படிச்சவன்தானே. இவங்களோட எதுக்குடா வந்த?"

இன்றும் அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை.

உடல்களை லாரியில் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்களிடம் திருப்பித் தரவில்லை. அங்கேயே எரித்தார்கள். சாம்பலும் வரவில்லை. ஊரில் தடை உத்தரவு. நான்கு பேர் கூடக்கூடாது. ஓர் அதிகாரி தெருவில் நின்று அறிவித்தார்.

"கூட்டமா உக்காந்து அழக்கூடாது. அழுவறதா இருந்தா அவங்கவங்க வூட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு அழுங்க."

எங்கள் வீடுகளுக்குக் கதவு கிடையாது. தென்னந்தட்டி. அதைச் சாத்தினாலும் சத்தம் வெளியே போகும். எனவே யாரும் அழவில்லை. பாக்கியம் அண்ணி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுதால் அதன் வாயையும் பொத்தினார்.

பதினாறாம் நாள் சடங்கு இல்லை. உடல் இல்லாமல் எதைச் செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. அறுவடையை வெளியூர் ஆட்கள் முடித்துவிட்டுப் போனார்கள். வயலில் அரிதாள் மட்டும் நின்றது. களத்திலிருந்து எங்கள் வீடுகளுக்கு ஒரு மணி நெல்லும் வரவில்லை. வாய்க்காலில் நத்தை பொறுக்கினோம். வயலில் எலி வளை தோண்டி, எலி சேர்த்து வைத்திருந்த கதிரை எடுத்தோம். அந்த ஆண்டு எலிகளும் அதிகம் சேர்க்கவில்லை.

*

மாசி. ஒரு திங்கள் காலை. தரை அதிர்ந்தது. காலுக்கு முதலில் வந்தது. பிறகு காதுக்கு. ஒன்று. ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம். இரண்டு. மூன்று.

இந்த முறை அது வேட்டுத்தான்.

யாரும் எழவில்லை. சிலர் தரையோடு படுத்துவிட்டார்கள். மூன்றாவது அடங்கியபிறகும் அப்படியே கிடந்தார்கள்.

பாக்கியம் அண்ணி எழுந்தார். குழந்தையை என் மடியில் வைத்தார். கொண்டையை அவிழ்த்தார். தெருக்கோடி வரை நடந்தார். அங்கே நின்றார். வரப்பில் இறங்கவில்லை. பெரிய வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு குரல் எடுத்தார். அவர் அதுவரை முதல் குரல் எடுத்தவரல்ல. அம்மாவுக்குப் பின்னால் சேர்ந்துகொள்பவர். குரல் முதலில் உடைந்தது. பிறகு நிலைத்தது.

மூங்கி வெட்டப் போனவரே,
மூச்ச விட்டு வந்ததென்ன...

தெருவில் இருந்த எல்லோருக்கும் அது யாருக்கான அழுகை என்று தெரியும். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் அவரோடு நின்றார்கள். பெரிய வீட்டில் சாவு விழுந்த நாளில் அழுவதற்கு ஊரில் தடையில்லை. ஒரு மாதமாக வாயில் திணித்திருந்தது வெளியே வந்தது. உச்சி வெயில் வரை அழுதார்கள். அவ்வளவு தூரத்துக்குச் சொல் போய்ச் சேராது. ஓசை மட்டும் போகும்.

மாலையில் ஒரு மாட்டு வண்டி வந்தது. பெரிய வீட்டுக் காரியக்காரர் இறங்கினார். வண்டியில் நெல் மூட்டைகள், கோடிப் புடவை ஒன்று. அழுதவர்களுக்கு அந்த வீடு வழக்கமாகத் தருவது.

"நீங்க அழுதது வீட்டுல கேட்டுச்சு," என்றார். "இத்தனைக்கும் அப்புறம் அழுதீங்களேன்னு சின்னவர் கண் கலங்கிட்டார். நடந்தது நடந்து போச்சு. ரெண்டு பக்கமும் மனச ஆத்திக்கணும். எடுத்துக்குங்க."

மூட்டையில் இருந்தது எங்கள் நடவு. நாங்கள் களையெடுத்த சம்பா. எங்கள் நான்கு பேர் விழுந்து கிடந்த வயலில் அறுத்ததாகவும் இருக்கலாம். நெல்லைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

தெரு பாக்கியம் அண்ணியைப் பார்த்தது. அவர் மறுத்தால் மறுத்திருப்போம். அவர் வண்டியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அவருக்குப் பால் வற்றியிருந்தது.

"எறக்கி வச்சுட்டுப் போங்க," என்றார்.

இறக்கி வைத்தார்கள். போனார்கள்.

அன்றே குத்தினோம். அன்றே உலை வைத்தோம். சோற்றின் மணம் தெருவில் நின்றது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். புதுப்புடவையை யாரும் உடுத்தவில்லை. நான்காகக் கிழித்துக் குழந்தைகளுக்குத் தூளி கட்டினார்கள்.

அடுத்த நடவுப் பட்டத்துக்கு எங்கள் தெரு வயலில் இறங்கியது. பழைய கூலிக்கு.

*

வழக்கு நடந்தது. சின்னவர் கூண்டில் ஏறினார். "போர்ப்பறை அடித்துக்கொண்டு வந்தார்கள்," என்றார். "ஆண்கள் கையில் அரிவாள். பெண்கள் தலைவிரி கோலமாகச் சாபமிட்டுக்கொண்டு வந்தார்கள். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது." பறையைக் காட்டினார்கள். நடுவில் கிழிந்திருந்தது. அதே பறைதான் அவருடைய தாயார் இறந்தபோது முன்னால் போனது. அதே அடி. அதே கை. அன்று அந்தப் பறைக்குப் பின்னால் தீச்சட்டி ஏந்தி நடந்தவர் சின்னவர்.

காவலாட்கள் அறியாமல் சுட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளலாம். மாடியில் நின்றவர் அறிந்திருந்தார். இதை நான் சாட்சிக் கூண்டில் சொன்னேன். பறையடியில் பேதம் உண்டு என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். மேசையைத் தட்டிக் காட்டினேன். நீதிமன்றத்தில் தாளம் போடக்கூடாது என்றார்கள். சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு வழங்கப்பட்டது. தீர்ப்பில் அம்மாவின் பெயர் இல்லை. 'ஒரு பெண்' என்று இருந்தது.

நான் மேலே படித்தேன். ஆசிரியனானேன். பல ஆண்டுகள் கல்லூரியில் போர் எதிர்ப்பு நாவல் ஒன்றைப் பாடமாக நடத்தினேன். வேறொரு நாட்டின் கதை. ஒரு படைவீரனின் அணி முழுவதும் அழிகிறது. அவன் மட்டும் மிஞ்சுகிறான். இறுதியில், அவர்களைக் கொன்ற ஊரின் உழவன் ஒருவன் ரொட்டி நீட்டுகிறான். வீரன் வாங்கித் தின்கிறான். நாவல் முடிகிறது. தேர்வில் தவறாமல் ஒரு வினா வரும்: 'இந்நாவலில் போரும் ஏற்பும் குறித்து எழுதுக.' மாணவர்கள் எழுதுவார்கள். ஏற்பு என்பது மனத்தின் முதிர்ச்சி. ஏற்பு என்பது பகையைக் கடந்த அமைதி. போரை வெல்லும் ஒரே ஆயுதம் அது. திறனாய்வு நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. நான் மதிப்பெண் போட்டேன்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், அந்த ரொட்டிய அவன் ஏன் வாங்கினான்? மன்னிச்சுட்டானா?"

"பசி," என்றேன்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

வகுப்பு ஏமாற்றமடைந்தது. அவர்கள் மேலும் ஏதோ எதிர்பார்த்தார்கள். மேலும் ஏதுமில்லை. ஏற்றுக்கொண்டவர்கள் தேர்ந்தெடுத்து ஏற்கவில்லை. இறந்தவர்கள் எதையும் ஏற்கவில்லை. ஏற்பு என்ற பேச்சு சுட்ட பக்கத்துக்கு மிகவும் வசதியானது. ரெண்டு பக்கமும் மனச ஆத்திக்கணும் என்று வண்டியோடு வந்தவர்களுக்கே அது முதலில் தோன்றியது.

*

பாக்கியம் அண்ணி சென்ற ஐப்பசியில் பட்டுக்கோட்டையில் இறந்தார். மகன் வீட்டில். அன்று என் மடியில் இருந்த குழந்தை அவன். தென்னந்தோப்புகளுக்குக் கணக்குப் பார்க்கிறான். வாசலில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதில் யாரோ ஒரு பெண் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். பதிவு செய்த குரல். மின்சாரம் போனபோது நின்றது. வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வரப்பில் அந்தக் காலையில் நடந்தவர்களும், விவரம் தெரிந்த வயதில் தெருவில் காத்திருந்தவர்களும் இன்று இல்லை. நான் மட்டும் மீதி. எனவே எழுதி வைக்கிறேன்.

இழந்தவை:

ராமையா. என் சித்தப்பா. பறையின் மேல் விழுந்தவர்.

சன்னாசி. அது வேட்டு இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் அறிந்தவர்.

மாணிக்கம். போகவேண்டாம் என்றவர். போனவர். கம்புகளைக் கீழே போட வைத்தவர். என்னைக் குனியச் சொன்னவர்.

அஞ்சலை. என் தாய்.

ஒரு பறை. சாட்சிப் பொருள். திருப்பித் தரப்படவில்லை.

கலத்துக்கு அரை மரக்கால் நெல்.

மாசியில் அந்தத் திங்களன்று பாக்கியம் அண்ணி தம் கணவருக்காக அழுதார். சித்தப்பாவுக்கு அவர் மனைவி அழுதார். தாத்தாவுக்கு அவர் மகள்கள் அழுதார்கள். அம்மாவுக்கு மகள் இல்லை. அவருக்கான அழுகையை எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். தெருவில் அழுகையை எடுத்துக் கொடுத்துவந்தவர் அம்மாவேதான். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இரண்டு மொழிகளில் பட்டம் இருக்கிறது. அந்த வரிகள் தெரியாது.